எட்டில் உடைந்த விதி

எங்கள் ஊரில், கோயில் சாமிகளின் பேரால், தெருவுக்கு நாலு சங்கரநாராயணன், வீட்டுக்கு ஒரு கோமதி. எஸ்.எஸ். பிள்ளையின் முழுப்பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, தாயார் கோமதி அம்மாள் என்று படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. 1901இல் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்து செங்கோட்டையில் பள்ளிக்குப் போன கணித மேதை அவர். "நம்ம கோயில்ல நேர்ந்து பெத்த பிள்ளை, பெரிய கணக்குப்புலி" என்று ஆச்சி யாரையோ சொல்லுவாளே, அது இவரா? கணிதம் என்றால் கும்பகோணத்து ராமானுஜனோடு நிறுத்திக்கொள்கிறோம் என்ற ஆதங்கமும் சேர்ந்துகொண்டது.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரிடம் போனேன். நேர்ச்சை, பூர்வீகம் என்று எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டாலும் ஒரே பதில்தான். "பேரை விடுங்க தம்பி. அவர் பேர்ல பகா எண் இருக்கு. அதைப் போட்டுப் பாத்துட்டு வாங்க."

போட்டுப் பார்த்தேன். ஒன்றிலிருந்து ஓர் எண் வரை வரிசையாகப் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். கிடைப்பதன் பகாக் காரணிகளை, எடுத்துக்கொண்ட எண்ணால் வகுத்தால் எப்போதும் மீதி 1தானா? இதுதான் கேள்வி.

ஐந்துக்கு 121, அதாவது 11×11. பதினொன்றை ஐந்தால் வகுத்தால் மீதி 1. ஆறுக்கு 721, காரணிகள் 7, 103. இரண்டுக்கும் மீதி 1. ஏழுக்கு 5041, அதாவது 71×71. மறுபடியும் 1. இது விதியேதான் என்று நம்பிவிட்டேன். எட்டுக்கு வந்தது 40321. காரணிகள் 61, 661. எட்டால் வகுத்தால் இரண்டுக்கும் மீதி 5!

இப்படி மீறும் பகா எண்களைத்தான் பிள்ளை பகா எண்கள் என்கிறார்கள். அவற்றில் மிகச் சிறியது 23. அது 14இல் பிடிபடுகிறது: 87178291201 = 23 × 3790360487. அந்தப் பத்து இலக்க எண்ணும் பகா எண்தான். பதினான்கால் வகுத்தேன், மீதி 11. இருபத்துமூன்றுக்கு மீதி 9. ஒன்பதையும் பதினொன்றையும் பெருக்கினால் 99. அதைப் பதினான்கால் வகுத்தால் மீதி 1! காரணிகள் இரண்டே என்றால் ஒன்று மட்டும் தனியாக மீற முடியாது, மற்றதும் மீறியே தீர வேண்டும். இதைக் கண்ட சந்தோஷத்தில் நேர்ச்சைக் கதையை அடியோடு விட்டுவிட்டேன்.

இத்தகைய பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று நிரூபித்திருக்கிறார்கள். எந்த இயல் எண்ணையும் கூட்டலாக எழுத 73 ஆறாம் அடுக்குகள் போதும், அதற்குக் குறைந்தால் எல்லா எண்களுக்கும் போதாது என்று நிறுவியவரும் இந்தப் பிள்ளைதான். 1950 ஆகஸ்ட் 31 அன்று, பிரின்ஸ்டன் போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். அப்போது வயது 49.

வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஒன்பதைக் கொடுத்துப் பாருங்கள். 362881 வரும். ஏழுக்கு அடங்கிய 71 அதிலும் ஒரு காரணி. ஒன்பதால் வகுத்து மீதி என்னவென்று அவர்களே சொல்லட்டும்.