தோண்டிய கைகளுக்கு இடம் எங்கே?

ஜங்புராவில் பாராபுல்லா நாலாவின் கரையில் இருந்த மதராசி கேம்ப் இன்று இல்லை. தில்லி உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் 2025 ஜூன் 1-ந் தேதி புல்டோசர்கள் வந்தன. நாலாவைத் தூர்வாரக் கரையில் இடம் வேண்டும் என்பது காரணம். சுமார் 370 குடிசைகளில் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை 189. அந்த வீடுகளும் நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில். வீட்டுவேலைக்குப் போன பெண்களின் பிழைப்பு ஜங்புராவில். பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியோ லோதி எஸ்டேட்டில்.

நிலத்தைச் சீர்படுத்தும்போது அதை நம்பி வாழ்பவர்களை என்ன செய்வது? தலைநகருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தெற்கே, ஹரியானா எல்லையை ஒட்டிய ஆரவல்லிக் குன்றுகளில் பட்டி சுரங்கம் இதே கேள்வியைப் பல வருடங்களாக எழுப்பி வருகிறது.

தில்லியின் கட்டடங்களுக்குப் பூச்சாகவும் காரையாகவும் போன 'பதர்பூர்' எனும் சிவப்பு மணல் இங்கே திறந்தவெளிக் குழிகளில் வெட்டப்பட்டது. வெட்டியவர்களில் பெரும்பாலோர் ஓட் சமூகத்தினர். தமிழ்நாட்டு ஒட்டர்களைப் போலவே மண்வேலையும் கல்வேலையும் பரம்பரைத் தொழில். பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள் பலர். அவர்களுக்காக 1970-களில் உருவானது சஞ்சய் காலனி.

1990-ல் குழி சரிந்து தொழிலாளர்கள் இறந்ததும் சுரங்கம் மூடப்பட்டது. 1991-ல் இந்த நிலம் பக்கத்து அசோலா வனவிலங்கு சரணாலயத்துடன் சேர்க்கப்பட்டது. காலனிவாசிகள் வேலையையும் இழந்தார்கள். காட்டுக்குள் ஆக்கிரமிப்பாளர்களாகவும் ஆனார்கள். 1996-ல் அவர்களை வேறிடத்துக்கு மாற்றும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

காட்டைப் பொறுத்தவரை முயற்சி வீண் போகவில்லை. மேல்மண் போன குழியில் எதுவும் எளிதில் வேர்பிடிக்காது. தமிழ்நாட்டுக் கண்மாய்களைப் பிடித்த அதே சீமைக்கருவேலம்தான் முதலில் முளைக்கும். 2000 முதல் பிரதேச ராணுவத்தின் சுற்றுச்சூழல் படை மரக்கன்றுகளை நட்டு வளர்த்தது. ஆழமான குழிகளில் நீர் தேங்கி ஏரிகளாயின. நீலகாயும் நரியும் திரிகின்றன. சிறுத்தைகள் கேமராவில் சிக்கியிருக்கின்றன.

மூடிய சுரங்கத்துக்குக் காடு ஒன்றே வழியல்ல. சென்னை வறண்டபோது, 2017-லும் 2019-லும், மாங்காடு அருகே சிக்கராயபுரம் கல்குவாரிகளின் நீர்தான் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்களில் வந்தது. நெய்வேலியில் மண்மேடுகள் பசுமையாக்கப்பட்டன. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஒரு களிமண் குழி 2001-ல் 'ஈடன்' என்ற பிரமாண்ட தாவரப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. குர்கானில் வெட்டிப்போட்ட குன்று ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவாகியிருக்கிறது. எது பொருந்தும் என்பதைக் குழியின் ஆழமும் சரிவும், நிலத்தடி நீரும், பக்கத்து ஊரின் தேவையும் தீர்மானிக்கின்றன. அவசரப்பட்டு மூடிய குழிமேல் வீடு கட்டினால் மண் அமுங்கிச் சுவர் விரிசல் விடும்.

இந்தக் கணக்கில் விடுபட்டுப்போவது தோண்டிய கைகள்தான். நாற்றங்கால், கரை கட்டுதல், காவல், வழிகாட்டுதல் என்று மீட்ட காட்டுக்கும் வேலையாட்கள் தேவை. மண்ணை அறிந்த ஓட் குடும்பங்களுக்கு அந்த வேலைகளில் முன்னுரிமை தந்திருக்கலாம். சுரங்கத்தை மூடும் திட்டத்தில் மரங்களின் பட்டியலுக்கு முன்னால் மனிதர்களின் பட்டியல் இருந்தால், மீட்கப்படுவது நிலம் மட்டுமாக இருக்காது.