எட்டாத் திருகு

விமான விபத்து என்றதும் சூறாவளியையும் மலைமுகட்டையுமே மனம் நினைக்கின்றது. சிறு விமானங்களின் விபத்தறிக்கைகளை வாசிக்குங்கால் நாம் கண்டது வேறு. எரிபொருள் தீர்ந்தோ, அதில் நீர் கலந்தோ எந்திரம் நிற்பதுண்டு. ஒரு தொட்டி வறண்டு, மற்றொன்றில் மிச்சமிருக்கும்போதே நிற்பதுமுண்டு. இதுவே நம்மை மிகவும் வருத்துவது.

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மாண்டெரே வளைகுடாவில் வீழ்ந்து மாண்டார். அவர் ஓட்டியது லாங் ஈஸி என்னும் வகையில், தனிமனிதர் ஒருவர் கட்டிய விமானம். தொட்டி மாற்றும் திருகு, வரைபடத்தின்படி ஓட்டுநரின் கால்களுக்கிடையே இருத்தல் வேண்டும். கட்டியவரோ அதனை இடத்தோளுக்குப் பின்னே வைத்துவிட்டார். புறப்படுமுன் மெக்கானிக்கும் டென்வரும் குறடு பூட்டி அதனை நீட்டிப் பார்த்தனர், பயனில்லை. ஒரு மணி நேரமே பறக்கப்போவதாகக் கூறி, எரிபொருள் நிரப்பவும் அவர் இசைந்திலர். வானில் அத்திருகைத் திருப்ப உடலை முறுக்கியவர், தம்மையறியாது வலப்புறச் சுக்கான் மிதியை அழுத்திவிட்டார்; விமானம் கட்டுமீறிற்று என்பது புலனாய்வாளர் முடிவு.

நிரப்பாதது அவர் குற்றமே. அறிக்கையும் அவ்வாறே கூறும். ஆயினும் ‘கவனக்குறைவு’ என்று முடித்துவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. சிறாருக்கு அரபு எழுத்துக்களைப் போதிப்பவர் நாம். சொல்லின் முதலில் மேலிருக்கும் புள்ளி கீழிறங்கினால் ‘நூன்’ ‘பே’ ஆகிவிடும். சிறுவன் பிழையாக ஓதினால், பலகையில் புள்ளி எங்கே இடப்பட்டிருக்கின்றது என்றே முதலில் நோக்குவோம். அந்தத் திருகிலோ, எந்நிலை எத்தொட்டிக்கு என்னும் குறியே இடப்படவில்லை.