சோழவரத்துக்குப் போன கார்

மோட்டார் ரேஸைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதேம்மா!" என்றாள். வாஸ்தவம்தான். ஆனால் அடுப்பங்கரையில் இருக்கிற நமக்கும் ரேஸுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வண்டி ஓட்டுகிறவன் அவனாக இருக்கலாம். அவன் வீடு திரும்புகிற வரை வாசலையே பார்த்துக் கொண்டிருப்பது யார்? நாம்தானே!

எங்கள் ஊர் திருவாலங்காடு. அரக்கோணத்துக்கு இரண்டு மூன்று ஸ்டேஷன் முன்னால் இறங்க வேண்டும். ஊரே ஒரு போட்டிக்குப் பேர் போனது. சிவனுக்கும் காளிக்கும் நடனப் போட்டி நடந்த இடம் என்பார்கள். நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை இதுதான். "போட்டின்னா சபையிலே, நடுவர் முன்னாலே நடக்கணும். தெருவிலே நடந்தா அதுக்குப் பேர் சண்டை" என்று என் மாமியார் அடிக்கடி சொல்வார். அந்த வார்த்தையின் அர்த்தம் எனக்குப் புரிய நாற்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

நான் 1975-ல் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிற ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றிருந்தது. மாமனார் இரண்டாம் கையாக வாங்கியது. சென்னையிலேயே தயாரான வண்டி. 1961-லிருந்து சுமார் பத்து வருஷம் செய்தார்கள். அதன் முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்த்து, முதலை வாயைப் பிளந்த மாதிரி முன்னோக்கித் திறக்கும். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கலாம். "நைனா எனக்குக் கொடுத்த சொத்து இதுதான்" என்பார் என் வீட்டுக்காரர். எனக்கு அந்தக் காரைப் பார்த்தால் சக்களத்தியைப் பார்த்த மாதிரிதான் இருக்கும்! ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கு அடியிலேயே படுத்துக் கிடப்பாரே!

1979. என் மகளுக்கு எட்டு மாசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சோழவரத்திலே ரேஸ். கிளம்பு" என்றார். கைக்குழந்தையோடு எங்கே போவது என்று கேட்டதற்கு, "ஹெரால்டும் ஓடும், வந்து பாரேன்" என்றார். கொழுந்தனுக்கு அப்போது இருபது வயசு. பட்டாளத்துக்கு ஆள் எடுப்பில் தேறி, உத்தரவுக்குக் காத்திருந்தான். அவன் சிநேகிதனிடம் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் முன்னால் போக, நாங்கள் காரில் திருவள்ளூர், செங்குன்றம் வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

சோழவரம் என்றதும் ஏதோ பெரிய மைதானம் என்று எண்ணியிருந்தேன். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் விமானம் இறங்கப் போட்ட ஓடுபாதை அது. சென்னையில் 1953-ல் துவங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்காரர்கள், சும்மா கிடந்த அந்தப் பாதையில் பந்தயம் நடத்தி, இந்தியா முழுக்கப் பேர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். ஃபியட், ஹெரால்டு எல்லாம் ஓடும். பழைய வண்டியின் எஞ்சினைக் கழற்றி, வீட்டுப் பட்டறையிலேயே தகரத்தில் உடம்பு கட்டிய கார்களும் ஓடும். அவற்றுக்கு 'ஸ்பெஷல்' என்று பெயர். பங்களாக்காரரும் வருவார், பட்டறைக்காரரும் வருவார்.

எனக்கு அன்றைக்கு நினைவிருப்பதெல்லாம் வெயிலும் புழுதியும் சத்தமும்தான். குழந்தை வீறிட்டு அழுதாள். முந்தானையால் அவள் காதைப் பொத்திக் கொண்டு, கொண்டு போன தயிர்ச்சாதத்தைக் கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். (கைக்குழந்தையை அந்த மாதிரி சத்தத்துக்கு நடுவே கொண்டு போகவே கூடாது. போய்த்தான் ஆக வேண்டும் என்றால் காதை மூடும் மஃப் இன்று கடையில் கிடைக்கிறது. அந்த நாளில் யாருக்குத் தெரியும்?) கொழுந்தன் மட்டும் கயிற்றைப் பிடித்துக் கொண்டு, கண் இமைக்காமல் நின்றான். அவன் முகம் சாமி வந்தவன் முகம் மாதிரி இருந்தது.

திரும்பும்போது அவன் முன்னால் போனான். திருவள்ளூரைத் தாண்டி ஒரு வளைவு. கரும்பு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று, விளக்கில்லாமல். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் சாலையோரம் கிடந்தான். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அதே ஹெரால்டின் பின் ஸீட்டில்தான் அவனைப் போட்டுக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

உயிர் பிழைத்தான். நாலு மாசம் படுக்கை. கால் ஒரு அங்குலம் குட்டையாகிப் போயிற்று. பட்டாள உத்தரவு வந்தபோது கட்டிலில் இருந்தபடி வாங்கிப் படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக் கொண்டான். என் மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசினேன். "நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க?" என்று இவரைக் கேட்டேன். ஒரு தரமா, இரண்டு தரமா! கோவிலுக்கு அழைத்துப் போய், வடாரண்யேஸ்வரர் சந்நிதியில், "இனிமே அந்தக் காரை வெளியே எடுக்க மாட்டேன்" என்று சத்தியம் வாங்கினேன். அவரும் செய்து கொடுத்தார்.

அதற்கப்புறம் கார் கொட்டகையை விட்டு வரவில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் சந்தனம், குங்குமம் வைப்பார். பழைய வேட்டியால் துடைப்பார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். சோழவரத்தில் ரேஸ் நின்று போயிற்று. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனிப்பாதை வந்தது. பேப்பரில் அந்தச் செய்தி வந்தால் அந்தப் பக்கத்தை மடித்து அலமாரிக்கு அடியில் விரித்துவிடுவேன். கொழுந்தன் திருத்தணி ரோட்டில் சின்னதாக ஒரு லேத்துப் பட்டறை வைத்து, கல்யாணமாகி, பிள்ளை குட்டிகளோடு நன்றாகவே இருக்கிறான். ஆனால் அவன் படியேறும்போது கேட்கிற அந்த ஒற்றைக்கால் ஓசை இருக்கிறதே, ஒவ்வொரு தரமும் இவரை நான் ஒரு பார்வை பார்ப்பேன்.

2024 கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். வயசு பதினாறு. ஒருநாள் மத்தியானம் தாத்தாவின் ஸ்கூட்டரைக் காணோம், பேரனையும் காணோம்! ஸ்டேஷன் வரை போய்விட்டு வந்து, "சும்மா ஒரு ரவுண்டு, ஆயா" என்றான். என் கை கால் ஆடிப் போயிற்று. என் மகள் போனில் அழுதாள். இதைப் படிக்கிற தாய்மார்கள் ஒன்று தெரிந்து கொள்ளுங்கள். பதினெட்டு நிரம்பாத பிள்ளை இப்படி வண்டி எடுத்து மாட்டினால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றவருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவும் ஒரு வருஷத்துக்கு ரத்து. சட்டத்தை விடுங்கள். விளக்கில்லாத கரும்பு வண்டிக்குச் சட்டம் தெரியுமா?

எல்லாரும் திட்டி ஓய்ந்த பிறகு கொழுந்தன் மெல்லச் சொன்னான். "அண்ணி, அவனைத் திட்டாதீங்க. மெட்ராஸிலே ராத்திரி ரேஸ் நடக்கப் போவுதாம். நான் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் கேட்டவன் யார்? கால் போனவன். அவன் கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

2024 செப்டம்பர் 1, ஞாயிறு. தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர். நாம் பஸ்ஸில் போகிற கொடிமரச் சாலையும் சிவானந்தா சாலையும் நேப்பியர் பாலமும்தான் ரேஸ் பாதை! முந்தின வருஷம் டிசம்பரிலேயே நடக்க இருந்தது, மிக்ஜாம் புயலால் தள்ளிப் போயிற்றாம். ராத்திரியைப் பகலாக்கும் விளக்குகள். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், அதன் மேல் கம்பி வலை. வளைவுக்கு வளைவு கொடியோடு ஆட்கள். மஞ்சள் கொடி காட்டினால் வேகத்தைக் குறைத்தாக வேண்டும், முந்தக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் பந்தயமே நின்று போகும். ஆம்புலன்ஸும் டாக்டரும் தயார். ஓட்டுகிறவர் நெருப்புப் பிடிக்காத உடையும் ஹெல்மெட்டும் போட்டு, தோளிலும் இடுப்பிலும் பட்டை கட்டிக் கொள்கிறார்.

பேரன் போனில் இன்னொன்றும் காட்டினான். மொனாக்கோ என்று கடலோரத்தில் ஒரு குட்டி நாடு. அங்கே 1929-லிருந்து ஊர்த் தெருவிலேயே ரேஸ். முதல் வருஷம் ஜெயித்தது வில்லியம்ஸ் என்பவர் ஓட்டிய பச்சை நிற புகாட்டி கார். 1997-லிருந்து பழைய கார்களுக்கென்றே தனியாக ஒரு பந்தயம், பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதே தெருக்களில் நடத்துகிறார்கள். எண்பது, தொண்ணூறு வயசுக் கார்கள் பாட்டிமார் கும்மியடிப்பது போலச் சுற்றி வருகின்றன! ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்களாம்.

"பொம்பளைங்க ஓட்டுறதில்லையா?" என்று கேட்டேன். ஏன் இல்லை! இத்தாலிக்காரப் பெண் மரியா தெரேசா தெ ஃபிலிப்பிஸ். வேகமாக ஓட்ட முடியாது என்று அண்ணன்மார் கேலி செய்ததால் இருபத்திரண்டு வயசில் பந்தயத்தில் இறங்கினவராம். 1958-ல் மொனாக்கோவில் தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. அடுத்த மாசமே பெல்ஜியத்தில் ஓட்டிப் பத்தாவதாக வந்து, உலக ஃபார்முலா ஒன் போட்டியில் ஓடிய முதல் பெண் ஆனார். நம் சென்னைப் பெண் அலிஷா அப்துல்லாவும் ஆண்களோடு சரிக்குச் சரி ஓட்டியவர்தான்.

கொழுந்தன் சொன்ன கதைதான் என் மனசில் தைத்தது. 1955-ல் அல்பெர்டோ அஸ்காரி என்ற பெரிய வீரர், மொனாக்கோ ரேஸில் காரோடு கடலுக்குள் விழுந்தார். மூக்கில் அடியோடு நீந்திப் பிழைத்தார். நாலே நாள் கழித்து மோன்ஸா என்ற ஊரில், ரேஸ் ஏதும் இல்லாத நாளில், சிநேகிதர் ஒருவரின் ஹெல்மெட்டை இரவல் வாங்கிக் கொண்டு, சும்மா சில சுற்று ஓட்டப் போனார். அதில் போய்விட்டார்.

"'சும்மா ஒரு ரவுண்டு'தான்டா ஆளைக் கொல்லும்" என்று பேரனிடம் சொல்லிவிட்டு, அவன் என் பக்கம் திரும்பினான். "அண்ணி, ஒண்ணு சொல்லட்டுமா? நான் சோழவரத்திலே விழலை. ரோட்டிலே விழுந்தேன். என் தலையிலே ஹெல்மெட் இல்லே, வண்டி என்னுது இல்லே, எதிரே கொடி காட்ட ஆள் இல்லே. அண்ணன் என்னைப் பார்க்கத்தான் கூட்டிட்டுப் போனாரு. ஓட்டுன்னு சொல்லலை. இத்தனை வருஷமா அவரை நீங்க பார்க்கிற பார்வையைப் பார்த்து, எனக்குத்தான் கால் வலிக்குது."

சுற்றிலும் காது கிழிகிற சத்தம். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. இவரைத் திரும்பிப் பார்த்தேன். கம்பி வலையைப் பிடித்தபடி, சின்னப் பையன் மாதிரி, போகிற கார்களை எண்ணிக் கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயசு. இந்த மனுஷனிடம் அல்லவா நாற்பத்தைந்து வருஷமாகக் கணக்குக் கேட்டுக் கொண்டிருந்தேன்!

ஊர் திரும்பி, அடுத்த திங்கட்கிழமை கோவிலுக்குப் போனேன். வாங்கின சத்தியத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியாது. நெய்விளக்கு ஏற்றி, "நான் கட்டின முடிச்சை நானே அவிழ்க்கிறேன், மன்னிச்சுக்கோ" என்றேன். வீட்டுக்கு வந்து, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்த கார் சாவியை இவர் கையில் கொடுத்தேன். வாங்கிக் கொண்டு, ஒன்றும் பேசாமல் கொட்டகைக்குப் போனார்.

அந்த ஆயுத பூஜையன்று அண்ணனும் தம்பியும் எஞ்சினை இறக்கி வைத்திருந்தார்கள். ரப்பர் எல்லாம் கல்லாகிப் போயிருந்தது. பெட்ரோல் டாங்கில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. லேத்திலேயே சில சாமான்களைக் கடைந்தார்கள். தை மாசம் ஒரு காலையில் கார் இருமியது, தும்மியது, பிறகு பேசியது. கொட்டகையிலிருந்து புளியமரம் வரை, எங்கள் தோட்டத்துக்குள்ளேயே, நாற்பது அடி ஓடியது. என்னைப் பின் ஸீட்டில் உட்கார வைத்தார்கள். கொழுந்தனைப் படுக்க வைத்துக் கொண்டு போன அதே ஸீட். தடவிப் பார்த்துக் கொண்டேன்.

ரோட்டுக்கு இன்னும் எடுக்கவில்லை. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. தினப்படி உபயோகத்துக்கு அல்ல, கண்காட்சி, ஊர்வலம் மாதிரி சமயங்களுக்குத்தான். அதற்கு மனு எழுதிக் கொண்டிருக்கிறார்கள். பேரன் லீவுக்கு வந்தால் ஸ்பானரும் கிரீஸுமாகக் கொட்டகையிலேயே கிடக்கிறான். ஓட்டக் கேட்பதில்லை. "பதினெட்டு ஆகட்டும், சித்தப்பா தாத்தாவே கத்துக் கொடுக்கட்டும், ஆயா" என்கிறான்.

பிள்ளைகளுக்கு வேகத்தின் மேல் ஆசை வரத்தான் செய்யும். சாவியை ஒளித்து வைத்தால் ஆசை ஒளிந்து கொள்ளுமே தவிர ஓடிப் போகாது. அது எங்கே, யார் முன்னால், என்ன கட்டுப்பாட்டோடு நடக்க வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். முடிந்தால் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

ஆனாலும் சொல்கிறேன். ஸ்கூட்டர் சாவி இப்போதும் என் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில்தான் இருக்கிறது!