நான் ஆங்கிலம் கற்ற முறை

1966ஆம் ஆண்டில் எங்கள் ஊருக்கு அண்மையிலிருந்த உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். அங்கே எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் முதியவர், கண்டிப்பு மிக்கவர். பாடத்திலுள்ள ஒரு வாக்கியத்தை உரத்த குரலில் படிப்பார். சொல்லுக்குச் சொல் தமிழில் பொருள் உரைப்பார். பின்னர் வாக்கியம் முழுவதையும் தமிழாக்குவார். மறுநாள் நாங்கள் அதை ஒப்பித்தல் வேண்டும். பிற்பகலில் இலக்கணம் நடைபெறும். செய்வினையைச் செயப்பாட்டுவினை ஆக்குவோம். நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவோம். ரென், மார்ட்டின் என்னும் இருவர் எழுதிய தடித்த இலக்கண நூல் ஆசிரியரின் கையை விட்டு நீங்கியதில்லை. அவ்விருவருள் ரென் என்பவரே 1924இல் வெளிவந்த ‘போ ஜெஸ்ட்’ என்னும் விறுவிறுப்பான புதினத்தையும் எழுதியவர் என்பதை நெடுநாள் கழித்தே அறிந்தேன். முன்பே அறிந்திருப்பின் அந்நூலின்மீது சிறிது அன்பேனும் கொண்டிருப்பேன்!

இவ்வாறு கற்பிப்பதை இலக்கண மொழிபெயர்ப்பு முறை என்பர். ஐரோப்பியப் பள்ளிகளில் இலத்தீனையும் பழைய கிரேக்கத்தையும் கற்பிக்கக் கையாண்ட முறை அது. அம்மொழிகளின் பழைய நூல்களைப் படித்துப் பொருள் உணர்ந்தால் போதும். எவரோடும் உரையாட வேண்டியதில்லை. ஆங்கிலமோ மக்கள் நாவில் வழங்கும் மொழி.

எனினும் அம்முறையை நான் இகழேன். ஒருநாள் ஆசிரியர், “நாம் கோயிலுக்குப் போவோம்”, “நாங்கள் கோயிலுக்குப் போவோம்” என்னும் இரண்டு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றை ஆங்கிலத்தில் எழுதுமாறு பணித்தார். எழுதினோம். இரண்டும் ஒன்றாகவே அமைந்தன! இரண்டிற்கும் ‘வி’ என்னும் ஒரே சொல்தான் கிடைத்தது. “அப்படியானால், கேட்டுக்கொண்டிருப்பவன் கோயிலுக்கு வருகிறானா, வீட்டிலேயே நிற்கிறானா?” என்று வினவினார். வகுப்பு வாயடைத்துப் போயிற்று. பேசத் தொடங்கிய நாள்முதல் பிழையின்றி வழங்கிவந்த ஒரு வேறுபாட்டை அன்றுதான் நான் கண் திறந்து பார்த்தேன். ஆங்கில வகுப்பில் எனக்குக் கிடைத்த தமிழ்ப் பாடம் அது.

ஆனால், அதே முறை என்னை நாணச் செய்த நாளும் உண்டு. கல்லூரியில் சேரச் சென்னைக்குச் சென்று, எழும்பூர் நிலையத்தில் இறங்கினேன். வடநாட்டுப் பெரியவர் ஒருவர் என்னிடம், பயணச்சீட்டு கொடுக்கும் இடம் எது என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேள்வி விளங்கியது. விடையைத் தமிழில் எண்ணி, ஆங்கிலமாக்கி, எழுவாயும் பயனிலையும் இயைகின்றனவா என்று சரிபார்த்தேன். அதற்குள் அவர் சுமைகூலி ஒருவரை அணுகிவிட்டார். கூலியாளோ கையை நீட்டி, மூன்றே ஆங்கிலச் சொற்களில் வழி காட்டிவிட்டார். ஆங்கிலத்தில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் பெற்றவன் பெட்டியும் கையுமாக நின்றேன்.

பிற்காலத்தில் நானும் ஆசிரியன் ஆனேன். பயிற்சிக் கல்லூரியில் அமைப்பு முறையைக் கற்பித்தார்கள். சென்னை மாநிலத்தில் 1950களின் இறுதியிலிருந்தே பரப்பப்பட்ட முறை அது. வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து அரியதாக வரிசைப்படுத்தி, செயலோடு சேர்த்து வாயாற் பழக்குவது அதன் இயல்பு. சன்னலைத் திறந்துகொண்டே, “நான் சன்னலைத் திறக்கிறேன்” என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். வகுப்பில் தமிழ் ஒலிக்கலாகாது என்பது கட்டளை. மாணவர் வாய் திறந்தனர். எழும்பூரில் நான் பட்ட துன்பம் இவர்களுக்கு இராது என்று மகிழ்ந்தேன்.

ஆயினும், ஒரு சிறுமி, “இரண்டு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன்” என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போதெல்லாம் ‘ஐ ஆம்’ என்றே தொடங்கினாள். மூன்று நாள் வகுப்பு முழுவதையும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். அவளும் உரக்கச் சொன்னாள். எழுதும்போது பழையபடியே எழுதினாள். நான்காம் நாள் கதவைச் சாத்திவிட்டு, “அம்மா, தமிழில் இதற்கு நிகழ்காலம் போதும். ஆங்கிலமோ அன்று தொடங்கி இன்றுவரை நீண்டதையும் வினையிலேயே காட்டும், அதனால்தான் ‘ஐ ஹேவ் பீன்’ என்கிறோம்” என்று தமிழில் சொன்னேன். “இவ்வளவுதானா, ஐயா?” என்றாள். பிறகு அந்தப் பிழையை அவள் செய்யவில்லை.

அதுமுதல் பாடவேளையில் பெரும்பகுதியைப் பேச்சுக்குக் கொடுத்தேன். கடைசிப் பத்து நிமிடங்களில் இரண்டு மொழிகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதினேன். என் ஆசிரியரின் அந்தக் கோயில் வாக்கியங்களும் ஆண்டுதோறும் அங்கே இடம்பெற்றன. கதவை மட்டும் பல ஆண்டுகள் சாத்தியே வைத்திருந்தேன்.