முழங்கை உயரம்

பங்கு பிரித்தபோது அண்ணன்கள் இருவரும் கேட்காத ஒரே பொருள் அப்பாவின் மரக்கடைசல் லேத். நான் கேட்டேன். சிரித்தார்கள், கொடுத்தார்கள்.

அப்பா கட்டில் கால் கடைந்தார். எனக்குக் கிண்ணம் கடைய ஆசை. அதற்குச் சக் வேண்டும். கோவைக்குப் போனேன். கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "சார் வரலீங்களா?" அவர் எடுத்து வைத்தது 33 மி.மீ. மரை. "எல்லா லேத்துக்கும் சேருமுங்க." சேராது. வெர்னியரில் அளந்துதான் போயிருந்தேன்: தண்டின் விட்டம் ஓர் அங்குலம், அங்குலத்துக்கு எட்டு மரை. 33 அதில் தொளதொளவென ஆடும். விட்டம் சேர்ந்தாலும் மரையின் இடைவெளி மாறினால் இரண்டாம் சுற்றில் இறுகி நின்றுவிடும். (முனைவர் பட்டத்துக்குப் பாடபேதம் பார்த்தபோதுகூட இவ்வளவு கவனமாக எண்ணியதில்லை.) அடாப்டர் நீட்டினார். அது சக்கை பேரிங்கிலிருந்து தள்ளி நிறுத்தும், அதிர்வு கூடும் என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். என் மரைக்கான இன்சர்ட் உள்ளேயிருந்து வந்தது. அதுவரை அங்கேதான் இருந்திருக்கிறது.

தண்டு, நிற்பவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். இது அப்பாவின் முழங்கைக்கு வைத்தது. உளி பிடிக்க அண்ணன்களைக் கூப்பிடுவார். சுருள் பெருக்க என்னை. எனக்கு நான்கு அங்குலம் அதிகம். ஒரு மாதம் பலகைமேல் ஏறி நின்றேன். பிறகு ஸ்டாண்டின் மரக்கால்களை அறுக்கச் சொன்னேன்.

"அப்பா வச்ச உயரமாச்சே" என்றார் பெரியண்ணன்.

அறுத்த நான்கு துண்டுகளும் பட்டறை மூலையில் கிடக்கின்றன.