இயங்கிக்கொண்டிருந்தது ஏன் நின்றது?



வகுப்பில் புதிர்ப்போட்டி நடத்த, முன்னாள் மாணவர் ஒருவர் எழுதித் தந்த செயலியைப் பயன்படுத்துகிறோம். ஆசிரியரின் ஆண்ட்ராய்டு கைக்கணினி தன் பெயரை வகுப்பறை வைஃபையில் அறிவிக்கும். மாணவர்களின் கைக்கணினிகள் அதைத் தாமே கண்டறிந்து இணையும். வெளி இணையம் தேவையில்லை. 224.0.0.251 என்னும் பொதுமுகவரிக்குக் கேள்வி செல்லும். உரிய கருவி பதிலளிக்கும். எம்டிஎன்எஸ் எனப்படும் இம்முறை 2013-இல் ஆர்எஃப்சி 6762 என்னும் ஆவணமாக வெளிவந்தது.

முதற்சுற்றில் அனைவரும் இணைந்தனர். நான் வெண்பலகையில் விடைகளை விளக்கிக்கொண்டிருந்தபோதே இரண்டாம் சுற்றுக்கு முந்திய சிலரால் இணைய முடியவில்லை. பட்டியலில் பெயர் தெரிந்தது, தொட்டால் திறக்கவில்லை. முதலில் தொட்ட மாணவனை, "நீதான் கெடுத்துவிட்டாய்" என வகுப்பே பழித்தது. மறுவாரம் அவன் கைக்கணினியைத் தொடவே மறுத்தான்.

காரணத்தைக் கண்டறிவது அதனால் அவசரமாயிற்று. ரௌட்டர் கருவிகளைத் தனித்தனியே பிரித்துவைத்தாலும், ஐபேடில் உள்ளூர் வலையமைப்புக்கான அனுமதி (2020-இல் ஐஓஎஸ் 14 உடன் வந்தது) மறுக்கப்பட்டிருந்தாலும், செயலி தொடக்கத்திலேயே இயங்காது. எங்கள் செயலியோ இயங்கிப் பின்னர் நின்றது. ஆகவே, இடையில் மாறியது எது என்று தேடினோம்.

மேசைமீதிருந்த என் கைக்கணினியின் திரை அணைந்திருந்தது! திரையை அணைத்து மூன்று நிமிடம் காத்தோம், இணைப்பு இல்லை. எரியவிட்டு அதே மூன்று நிமிடம் காத்தோம், அனைவரும் இணைந்தனர். திரை அணைந்ததும், மின்கலத்தைச் சேமிக்கும் பொருட்டு, பொதுமுகவரிக்கு வரும் கேள்விகளைக் கருவி புறக்கணித்துவிடுகிறது. மாணவர் கருவிகளின் நினைவில் சேவையின் பெயர் 75 நிமிடம் வரை தங்கலாம். முகவரிக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஆயுளோ 120 நொடிதான். பெயர் தெரிந்தும் கதவு திறவாததன் காரணம் இதுவே.

போட்டி முடியும்வரை திரை அணையாதபடியும், செயலிக்குத் திரும்பியதும் பெயரை மீண்டும் அறிவிக்கும்படியும் அம்மாணவர் செயலியைத் திருத்தினார். நான் வகுப்பில் அச்சோதனையை மீண்டும் செய்துகாட்டினேன். திரையை அணைக்கும் பொறுப்பைப் பழிசுமந்த மாணவனிடமே கொடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டே அணைத்தான்.

பெற்றோர்களே, வீட்டில் அச்சுப்பொறி திடீரெனத் தென்படாமல் போனால், பிள்ளையைக் கேட்குமுன் அது உறக்கநிலைக்குச் சென்றுள்ளதா என்று பாருங்கள். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.