அவர் நடிக்காத காட்சி

'கில் பில்' பார்த்திருக்கிறீர்களா? 2003-ல் வந்த டாரன்டினோ படம். அதில் நர்ஸ் வேஷத்தில், விசிலடித்துக்கொண்டே ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து வருவாரே டாரில் ஹன்னா, ஒரு கண்ணில் பட்டை கட்டிக்கொண்டு? அந்தப் பட்டைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஊர், ஸ்வீடன். வருஷம், 1973. படம், 'த்ரில்லர் - ஒரு குரூரமான படம்'. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. இளகிய மனசுக்காரர்கள் அடுத்த பாராவைத் தாண்டிவிடலாம்.

சின்ன வயசில் சீரழிக்கப்பட்டு, அந்த அதிர்ச்சியில் ஊமையாகிப்போன பெண் ஃப்ரிகா. ஒருநாள் பஸ்ஸைத் தவறவிடுகிறாள். 'வா, காரில் விடுகிறேன்' என்கிறான் டோனி. விட்டது நரகத்தில். ஹெராயின் ஊசி போட்டு அடிமையாக்கி, உடம்பை விற்க வைக்கிறான். முரண்டு பிடித்ததற்கு ஒரு கண்ணைப் பறிக்கிறான். அவள் பெயரில் பெற்றோருக்கு அவனே வெறுப்பைக் கொட்டிக் கடிதம் எழுத, அவர்கள் செத்துப்போகிறார்கள். ஃப்ரிகா அழவில்லை. காசு சேர்த்து கார் ஓட்ட, சுட, கராத்தே போடக் கற்றுக்கொள்கிறாள். மீதி உங்களுக்கே தெரியும்.

இதை எடுத்த போ ஆர்னே விபேனியஸ் யார் தெரியுமோ? மகா இயக்குநர் இங்மர் பெர்க்மனின் 'பெர்சோனா'வில் (1966) உதவியாளராக இருந்தவர்! அதிலும் நாயகி பேசமாட்டாள். குரு அந்த மௌனத்துக்குள் மனசைத் தேடினார். சிஷ்யர் வசூலைத் தேடினார். ஏனென்றால், அதற்கு முன் ஆசையாக எடுத்த குழந்தைகள் படம் கையைக் கடித்துவிட்டது. பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கு புரிகிறது. எழுபதுகளின் மார்க்கெட்டில் ரத்தமும் சதையும் நல்ல விலைக்குப் போயின.

படத்துக்கு ஸ்வீடன் சென்சார் தடை போட்டது. உடனே அதையே விளம்பரமாக்கினார்கள். 'ஸ்வீடனில் தடை செய்யப்பட்ட முதல் படம்!' சுத்தப் பொய். 1912-லேயே விக்டர் ஷோஸ்ட்ரோமின் 'தோட்டக்காரன்' அங்கே தடை வாங்கிவிட்டது. யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

இந்தப் பொய்யையாவது மன்னிக்கலாம். இன்னொன்று இருக்கிறது.

ஃப்ரிகாவாக நடித்தவர் கிறிஸ்டினா லிண்ட்பெர்க். 1950-ல் பிறந்தவர். மாடலிங்கிலிருந்து வந்தவர். கவர்ச்சிப் படங்களில் பெயர் வாங்கியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் 'த்ரில்லர்' படத்தின் நடுநடுவே வரும் பச்சையான காட்சிகளில் இருப்பது அவரில்லை. வேறு ஆட்களை வைத்து எடுத்து ஒட்டினார்கள். முகம் இவருடையது, உடம்பு யாருடையதோ. இருட்டில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

கொஞ்சம் யோசியுங்கள். கதையில், அவள் எழுதாத கடிதம் அவள் பெயரில் போனது. நிஜத்தில், அவர் நடிக்காத காட்சி அவர் பெயரில் ஓடியது. டோனி செய்ததற்குத் திரையில் தண்டனை உண்டு. திரைக்கு வெளியே?

படம் பெண் பக்கம் நிற்பதாகத்தான் காட்டிக்கொள்கிறது. ஆனால் டிக்கெட் விற்றது பழிவாங்கும் கடைசி அரை மணிக்காக மட்டுமா? அதற்கு முன்னால் அவள் படும் பாட்டுக்கும் சேர்த்துத்தானே! அந்தக் காசில் பார்த்தவனுக்கும் பங்கு உண்டு.

லிண்ட்பெர்க் துப்பாக்கி எடுக்கவில்லை. பேனா எடுத்தார். பத்திரிகைத் தொழில் படித்து, 'ஃப்ளைக்ரெவின்' என்ற விமானப் பத்திரிகையில் எழுதினார். அதை நடத்திவந்த அவருடைய வாழ்க்கைத் துணை 2004-ல் இறந்ததும் பத்திரிகையைத் தானே ஏற்று, ஆசிரியராக நடத்தினார். காட்டுக் காளானை அடையாளம் கண்டு பறிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் வீடியோ கூட வெளியிட்டிருக்கிறார்.

உலகம் அவரை ஊமைப் பெண்ணாகவே நினைவு வைத்திருக்கிறது. ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தவரின் பேச்சு எப்படி எடுபடும் என்பது, பத்திரிகை ஆபீஸில் வேலை பார்த்த எங்களைக் கேட்டால் தெரியும்.